பத்தில் இரண்டு

ஹினோகுச்சியில் யாராவது நோய் என்று படுத்துவிட்டால், கீழே டவுன் டாக்டருக்கு ஆள் போவதற்கு முன்பே கினுயோவின் வீட்டுக்கு ஆள் போய்விடும். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த இருபத்து மூன்று வீடுகளில் அவள் கஞ்சி ஊட்டாத கிழவர் இல்லை, துணி அலசிக் கொடுக்காத பிரசவக்காரி இல்லை. நாற்றத்துக்கு முகம் சுளிக்க மாட்டாள். செய்ததை மறுநாள் வாய்க்காலடியில் சொல்லிக்காட்டவும் மாட்டாள். "கினுயோகிட்ட உயிரையே கொடுத்து வச்சாலும் பத்திரமா திருப்பிக் கொடுப்பா" என்று ஊரில் பேச்சு. அது வெறும் புகழ்ச்சி இல்லை, உண்மைதான். இனிமேல் சொல்லப்போவதும் உண்மை என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

போர் முடிந்த மூன்றாம் வருஷம் அவள் அந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். அதே மாதம் அடுத்த வீட்டுக்கு ஷிகேனோ வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரத் தேயிலைச் செடிகள்தான் வேலி. ஊற்றுத் தண்ணீர் ஒரே மூங்கில் குழாயில் வந்து இரண்டு தொட்டிகளாகப் பிரியும். ஷிகேனோ இரண்டு வயது இளையவள், வாய்த்துடுக்கு. "அக்கா, உன் மாமியார் தும்மினா எங்க வீட்டுப் பூனை எழுந்து நிக்குது" என்று வேலிக்கு மேலால் சொல்லுவாள். கினுயோவின் தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தபோது மூன்று நாள் அவள் பக்கத்திலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். பிறகு கினுயோவுக்கு சயோகோ பிறந்தாள். ஷிகேனோவுக்கு மட்டும் பத்து வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை.

கினுயோவின் கணவன் டொராசோவும், ஷிகேனோவின் கணவன் ஹெய்சுகேயும் ஊர் மரக்குழுவில் வேலை செய்தார்கள். தேவதாரு வெட்டி, லாரியில் ஏற்றி, கீழே அனுப்புவது. லாரியை ஓட்டியவன் ஊர்த்தலைவர் இவாபுச்சியின் ஒரே மகன் ரியோகிச்சி.

இவாபுச்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பனிக்காலத்தில் மரம் உருண்டு டொராசோவின் கால் நசுங்கியது. லாரி போக முடியாத பனி. அன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்த இவாபுச்சி அவனைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் இறங்கினார். இடையில் மாற்றிக்கொள்ள வந்த இளவட்டங்களிடம், "கை மாத்தினா அவனுக்கு வலிக்கும்டா, தள்ளு" என்றார். டொராசோவின் கால் தப்பியது. அந்தக் காலை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இலையுதிர்காலத் திருவிழா முடிந்த மறுநாள் காலை. ரியோகிச்சி முந்தைய நாள் குடித்த அரிசி மது இன்னும் தெளியாமல் லாரி எடுத்தான். பக்கத்தில் டொராசோ, பின்னால் மரங்களின் மேல் ஹெய்சுகே. கணவாய் வளைவில், கருவாட்டுக் கூடையை முதுகில் சுமந்து எதிரே வந்த பெண்ணை லாரி அடித்துப் பள்ளத்தில் தள்ளியது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. மாதம் ஒருதரம் வருவாள். அவள் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. கருவாட்டுக்காரி, அவ்வளவுதான்.

பள்ளத்திலிருந்து எடுத்தபோது உயிர் இல்லை. இவாபுச்சி வந்தார், வளைவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "கால் வழுக்கி விழுந்துட்டா. நீங்க வந்தப்ப பள்ளத்துல கிடந்தா" என்றார்.

அன்று மாலை டொராசோ கணப்பின் முன்னால் குளிர்ந்த டீயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்று கினுயோ கேட்டாள்.

"பாத்தேன்."

"பின்ன போலீஸ்காரர் வந்தா என்ன சொல்லப்போறீங்க?"

"வழுக்கி விழுந்தான்னு."

"அவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல."

"இருக்கும். என்னைச் சுமந்துட்டு வந்த முதுகுல நான் எப்படிக் கத்தியச் சொருகுறது? நீயே சொல்லு."

கினுயோ எழுந்தாள். அவனுக்கு வேறு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

போலீஸ்காரர் வந்தார். டொராசோ, அவள் வழுக்கி விழுந்தாள் என்றான். ஹெய்சுகே, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற ஹெய்சுகே, நடந்ததை நடந்தபடி சொன்னான். வேகம் சொன்னான், மது வாடை சொன்னான், அவள் கூடையைக் கழற்றி ஓரம் ஒதுங்கப் பார்த்ததையும் சொன்னான். ரியோகிச்சிக்கு இரண்டு வருஷம் சிறை. பொய் சொன்ன டொராசோவைப் போலீசில் மிரட்டி, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வனத்துறை மரக்குழுவின் அனுமதியைப் பறித்துக்கொண்டது. அந்தப் பனிக்காலத்துக்குப் பதினைந்து வீடுகளுக்கு வேலை இல்லை.

கோயில் கூடத்தில் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். இவாபுச்சி குரலை உயர்த்தவே இல்லை.

"பொய் சொல்லச் சொன்னது நான்தான். அது தப்பு, ஒத்துக்கறேன். செத்தவளுக்காக நான் தினமும் ஊதுபத்தி வைக்கறேன். ஆனா என் மகன் பண்ணினதுக்கு என் மகன் ஜெயிலுக்குப் போயிட்டான். உங்க பிள்ளைங்க என்ன பண்ணிச்சு, பட்டினி கிடக்க? எங்கிட்ட வந்து, 'தலைவரே, என்னால பொய் சொல்ல முடியாது'ன்னு ஒரு வார்த்தை ஹெய்சுகே சொல்லியிருந்தா, நானே என் மகன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அப்படிப் போயிருப்பாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பசிக்கு முன்னால் எதுவும் நியாயமாகப் படும்.

பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் பத்து. பிறப்பு, வயதுக்கு வருதல், கல்யாணம், நோய், கூரை வேய்தல், வெள்ளம், பயணம், திதி என்று எட்டை அறுத்துவிடுவார்கள். இரண்டை மட்டும் விட்டுவைப்பார்கள். தீப்பிடித்தால் அணைக்க வருவார்கள், ஏனென்றால் தீ அடுத்த வீட்டுக்குத் தாவும். செத்தால் புதைக்க வருவார்கள், ஏனென்றால் பிணம் நாறும். ஹெய்சுகேயின் வீட்டைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டபோது முன்வரிசையில் கைகள் எழுந்தன. டொராசோவின் கையும் எழுந்தது. மெதுவாகத்தான் எழுந்தது, ஆனால் எழுந்தது.

மறுநாளிலிருந்து யாரும் அந்த வீட்டின் மேல் கல் எறியவில்லை. யாரும் ஏசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் வணக்கமாகத் தலை குனியாமல் போனார்கள், அவ்வளவுதான். திருவிழாவுக்கு அரிசிமாவு இடித்தபோது அந்த வீட்டுக்குப் பங்கு போகவில்லை. சுற்றுப்பலகையும் நின்றது. அது ஊராட்சி அறிவிப்பைக் கட்டிய பலகை. ஒரு வீடு படித்து, தன் முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும். கினுயோவுக்கு அடுத்தது ஷிகேனோ வீடு. இனி அவள் அந்த வாசலைத் தாண்டி, மூன்றாவதாக இருந்த கென்பாச்சி கிழவர் வீட்டில் கொடுக்க வேண்டும்.

முதல் தடவை தாண்டியபோது ஷிகேனோ வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாக மேடு தட்டியிருந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு.

"நடக்கா, நட. கல்லு இருக்கு, பாத்து நட" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

ஜனவரியில் ஒரு முற்பகல், பனி கொட்டிக்கொண்டிருந்தது. கினுயோ வாசல் கதவைத் திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஹெய்சுகே வெறுந்தலையோடு நின்றான். தலையிலும் தோளிலும் பனி. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவன் கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. நின்றான். அவன் வீட்டுக்குள்ளேயிருந்து ஷிகேனோவின் சத்தம் கேட்டது.

"பிறப்பு அந்த ரெண்டுல வராது" என்று டொராசோ சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க கதவச் சாத்திட்டு உள்ள இருங்க. நான் போனது உங்களுக்குத் தெரியாது."

குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முகம் கருநீலம். கினுயோ விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். ஊதினாள். அழவேயில்லை, அழவேயில்லை, பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். ஷிகேனோ தலையணையைக் கடித்துக் கிழித்திருந்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்க்கா. மனசுக்குள்ள உன்னை அசிங்க அசிங்கமா திட்டிட்டேன்."

"திட்டு. இப்ப கால அசைக்காத."

பெண் குழந்தை. சிசுரு என்று பெயர் வைத்தார்கள். முதல் குளியல் கினுயோவின் கையில்தான்.

பனியில் கால்தடம் பதியாமலா இருக்கும். எட்டாம் நாள் இவாபுச்சியின் மனைவி டோமி ஒரு ஜாடி ஊறவைத்த முள்ளங்கியோடு வந்தாள். நல்ல பொம்பளை. அந்த வருஷம் தன் வீட்டு அரிசியைப் பதினைந்து வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தவள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்ல வரல, கினுயோ. உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்திக்கு ஒரு நியாயம்னு ஆயிட்டா, அப்புறம் ஊருன்னு என்ன இருக்கு? எம் பையன் ஜெயில்ல கிடக்கறான். நான் அவளப் பாத்து தலை குனியணுமா?"

"இனிமே போகமாட்டேங்கம்மா."

"உன் சயோகோ வளர்றா. நாளைக்குத் திருவிழா ஊர்வலத்துல மத்த பிள்ளைங்களோட நடக்கணும். பள்ளிக்கூடம் போறப்ப கூட நாலு பேர் வேணும். அதத்தான் நெனச்சேன்." டோமி ஜாடியின் மூடியைச் சரிசெய்தாள். "இது நல்லா ஊறியிருக்கு. டொராசோவுக்குப் பிடிக்கும்."

அதன் பிறகு கினுயோ போகவில்லை. முதல் மாதம் தொட்டியடியில் அந்த வீட்டுச் சத்தம் கேட்டால் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். ஆறாம் மாதம் நிற்கவில்லை. இரண்டாம் வருஷத்தில் தேயிலைச் செடிகளை வெட்டாமல் விட்டார்கள். அவை ஆள் உயரம் வளர்ந்தன. இல்லாத வீடு ஒன்றின் பக்கத்தில் வாழ்வது மாதிரி அவள் வாழ்ந்தாள். மற்ற வீடுகளில் கஞ்சி ஊட்டினாள், துணி அலசினாள். மனம் நோகாமல் ஒரு தப்பைச் செய்துகொண்டே இருக்க ஒரே வழி, அதைத் தினமும் செய்வதுதான் போலிருக்கிறது.

அறுபதாம் வருஷம் கோடையில் வடக்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. காலையில் ஓடிய பிள்ளை மாலையில் காலை அசைக்க முடியாமல் கிடந்தது என்று ரேடியோ சொன்னது. மறு கோடையில் கீழே டவுனிலும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளை ஓடைக்குப் போகவிடவில்லை. ஜூலை நடுவில் சுற்றுப்பலகை வந்தது. வெளிநாட்டிலிருந்து மருந்து வந்திருக்கிறது, ஊசி இல்லை, வாயில் கொடுப்பது. மலையூர்ப் பிள்ளைகளுக்கு வருகிற திங்கட்கிழமை காலை, பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தில். ஒரே நாள்.

கினுயோ இரண்டு தரம் படித்தாள். சயோகோவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு மூன்றாம் தரம் படித்தாள். முத்திரையைக் குத்திவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

ஷிகேனோ வாசலில் சிசுரு ஒரு தகர டப்பாவில் தண்ணீர் வைத்து எதையோ கரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பிள்ளை, கூட விளையாட யாரும் இல்லாததால். நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க போறே?" என்று கேட்டாள்.

தள்ளிவைத்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கினுயோ நின்றாள். ஒரு நிமிஷம் என்று பின்னாளில் அவள் நினைத்துக்கொண்டாள். அவ்வளவு கூட இருந்திருக்காது. குழந்தைக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. பலகையை வாசல் கல்லில் வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாலே போதும். மேல் வயலில் கென்பாச்சி கிழவரின் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இவளைத்தான் பார்த்தாளோ, வெறுமனே முதுகை நிமிர்த்திக்கொண்டாளோ.

ரேடியோவுல சொல்லுவாங்க, என்று நினைத்தாள் கினுயோ. ஹெய்சுகே கூலி வேலைக்கு டவுனுக்குத்தான் போறான், அங்க தெரிஞ்சிருக்கும். யாராவது சொல்லாமலா இருப்பாங்க. நினைத்துக்கொண்டே கால் நடந்துவிட்டது. பின்னாலிருந்து பிள்ளை இன்னொரு தரம், "எங்க போறே?" என்றது.

திங்கட்கிழமை ஊரிலிருந்து ஒன்பது பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக இறங்கினார்கள். சயோகோவுக்குக் கஞ்சி போட்ட சட்டை. ஷிகேனோ வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மருந்து இனிப்பு உருண்டை மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. மூன்றாம் நாள் காலை சத்தம் நின்றது. வேலி இடுக்கில் ஹெய்சுகே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. பிள்ளையின் கைகள் இரண்டு பக்கமும் துணி மாதிரி ஆடின. கினுயோ அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் ஹெய்சுகே திரும்பி ஏறி வந்தான். அதே முதுகு, அதே சுமை. வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. இளம்பிள்ளை வாதம்தான், மூச்சுத் தசை நின்றுபோனது என்று டவுனில் சொன்னார்களாம்.

ஊர் எழுந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை. முதலில் இவாபுச்சி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, கூடத்தில் நெற்றி தரையில் பட வணங்கினார். எழுந்தபோது அவர் கண் நனைந்திருந்தது. அது நடிப்பில்லை. ஆண்கள் குழி வெட்டப் போனார்கள். தச்சுவேலை தெரிந்தவர் நல்ல தேவதாருப் பலகையில் சின்னப் பெட்டி செய்தார். ஓரங்களைக் கை வைத்துப் பார்த்து மறுபடி இழைத்தார். பெண்கள் பாத்திரங்களோடு சமையற்கட்டுக்குள் நுழைந்தார்கள். சாவு வீட்டில் வீட்டுக்காரர்கள் எதையும் தொடக்கூடாது, எல்லாம் அக்கம்பக்கம்தான் செய்ய வேண்டும் என்பது முறை. முறை தப்பவில்லை.

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு கினுயோ அந்தச் சமையற்கட்டில் நின்றாள். உப்பு எங்கே இருக்கும் என்று கைக்குத் தெரிந்தது. டோஃபு வெட்டினாள், கிழங்கு வேக வைத்தாள். மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"தலையெழுத்து. என்ன பண்ண முடியும்" என்றாள் கென்பாச்சி மனைவி.

"எவ்வளவு அழகா இருந்துச்சு பிள்ளை. நான் வழியில பாத்திருக்கேன்" என்றாள் இன்னொருத்தி.

குளிப்பாட்ட ஒரு கை வேண்டும் என்று ஷிகேனோ கேட்டாள். கேட்டது கினுயோவை. வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேரும் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தார்கள். கழுத்து மடிப்பில், காதுக்குப் பின்னால். கடைசிக் குளியல்.

"அக்கா" என்றாள் ஷிகேனோ, பிள்ளையின் விரல்களைத் துடைத்துக்கொண்டே. "அந்த மருந்து கொடுத்தாங்களே. அது பலகையில எழுதி வந்துச்சா?"

"எனக்கு... ஞாபகம் இல்ல. பள்ளிக்கூடத்துலேருந்து யாரோ வந்து சொன்னாங்கன்னு நெனக்கிறேன்."

ஷிகேனோ தலையை ஆட்டினாள். "சரி. இந்தக் கைய நீ புடிச்சுக்க."

ஏழு நாள் ஊர் அந்த வீட்டில் வந்து போனது. ஊதுபத்தி வைத்தார்கள், சாப்பாடு கொண்டு வந்தார்கள், விறகு பிளந்து அடுக்கினார்கள். எட்டாம் நாள் காலை வாய்க்காலடிக்கு ஷிகேனோ குடத்தோடு வந்தாள். கினுயோவின் தலை தானாகக் குனியப் போனது. படிக்கட்டில் டோமியும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கினுயோவின் தலை பாதியில் நின்றது. விட்டுவைத்த இரண்டில் சாவுக்கான ஒன்று முடிந்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் ஹெய்சுகேக்குக் கடலோரம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை கிடைத்தது. வீட்டையும் வயலையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு மூட்டையோடு ஒரு காலையில் இறங்கினார்கள். கினுயோ ஏப்ரானைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எங்க?" என்றான் டொராசோ.

"பஸ் ரோட்டுக்கு."

அவன் தடுக்கவில்லை. குனிந்து தன் நசுங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்ததும் ஹெய்சுகே தள்ளிப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான். ஷிகேனோ மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பலகையில எழுதி வந்துச்சு" என்றாள் கினுயோ. மூச்சு வாங்கியது. "நான் மூணு தரம் படிச்சேன். உன் பிள்ளைக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியும். என் கையிலதானே பொறந்துச்சு. தெரிஞ்சுதான் தாண்டிப் போனேன். அன்னைக்கு நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

ஷிகேனோ மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"தெரியும்க்கா. பொய்யின்னு அப்பவே தெரியும். உனக்குப் பொய் சொன்னா காது சிவக்கும்." முடிச்சை மறுபடி கட்டினாள். "அந்தத் திங்கக்கிழமை நான் கதவிடுக்குல நின்னு பாத்தேன். ஒம்பது பேரு பிள்ளைங்களத் தூக்கிட்டு இறங்குறீங்க. திருவிழா இல்ல, ஒண்ணும் இல்ல. என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுது. இறங்கி வந்து, 'எங்கடி போறீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா நீங்க முகத்தத் திருப்புவீங்க. அத எம் பொண்ணு பாக்கும். அதுக்காகக் கேக்கல. எனக்கு ரோஷம். ரோஷத்துக்குப் பிள்ளையக் கொடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாத. அது நான்..."

"நான் என்னோடதச் சொன்னேன். உன்னோடத நான் கொறைக்கல." முதல் முறையாக அவள் கினுயோவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "இத என்கிட்ட இறக்கி வைக்கத்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்த? என்னால வாங்கிக்க முடியாதுக்கா. எங்கிட்டயே நெறைய இருக்கு. நீ திரும்பத் தூக்கிட்டுப் போ."

பஸ் வந்தது. ஏறும்போது ஹெய்சுகே மட்டும் திரும்பி, கினுயோவுக்கு லேசாகத் தலை குனிந்தான். பனியில் அவள் வந்த நாளுக்காக இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஊருக்கு எந்தச் செய்தியும் இல்லை. சிசுருவின் கல்லறை மட்டும் மேட்டில் தனியாக இருந்தது. கினுயோ புல் பிடுங்கப் போவாள். ஒரு நாள் அங்கே ரியோகிச்சி கல்லைக் கழுவிக்கொண்டிருந்தான். சிறையிலிருந்து வந்த பிறகு அவன் குடிப்பதில்லை. ஊர்ப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வளைவுல அந்தப் பொம்பளை விழுந்தப்பறம் எனக்குத் தூக்கமே இல்ல, கினுயோக்கா" என்றான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "ஜெயிலுக்குப் போன அன்னைக்குத்தான் தூங்குனேன். ஹெய்சுகே அண்ணன் பண்ணின உபகாரம் அது. வெளிய வந்ததும் அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்பா விடல. நானும் ரொம்ப மல்லுக்கட்டல."

"இப்ப எழுதலாமே."

"எங்கன்னு எழுத?"

எழுபத்து நான்காம் வருஷம் இவாபுச்சிக்குப் பக்கவாதம் வந்தது. டோமியால் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியவில்லை. கினுயோ ஏழு மாதம் தினமும் போனாள். கஞ்சி ஊட்டினாள், மலம் துடைத்தாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டாள். அவரை வெறுக்க முடியுமா என்று சில நாள் அவர் முகத்தைத் துடைக்கும்போது முயன்று பார்த்தாள். வெறுக்கத் தனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவரால் பேச முடியாது. அடிக்கடி கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். எதற்காக என்று அவளுக்குத் தெரியாது. துடைத்துவிடுவாள். அவர் செத்தபோது, பெற்ற மகள் கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊரே சொன்னது. ஊராட்சியிலிருந்து அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்க வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, வயலில் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டாள். அடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

டொராசோ செத்துப் போன பிறகு அவள் தனியாக இருந்தாள். சயோகோ நகரத்தில் நர்ஸ். இருபத்தொன்பது வயதில் வயிற்றில் குழந்தையோடு வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் வந்து இருப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். மாடியில் மெத்தைகளை வெயிலில் போட்டிருந்தாள் கினுயோ. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் கேட்காமலே, பலகையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

சயோகோ வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த உருண்டை நல்லாயிருந்துச்சுன்னு இன்னொண்ணு கேட்டு அழுதேன். எனக்கு ஞாபகம் இருக்கு. வழியெல்லாம் அழுதேன்."

"ஆமா."

"இத ஏம்மா என்கிட்ட சொன்ன?"

"நீ பிள்ளை பெத்துக்கப் போற. எந்தக் கைக்குள்ள பெத்துக்கப் போறேன்னு தெரிஞ்சுக்கணும்ல."

"ஊருல யாருக்குமே தோணலையா? ஒம்பது பேரு போனீங்களேம்மா."

"எல்லாருக்கும் தோணியிருக்கும். யாராவது சொல்லுவாங்கன்னு எல்லாரும் நெனச்சோம்."

மறுநாள் காலை சயோகோ பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கோபமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள்வது வசதி என்றாள். குழந்தை பிறந்த செய்தி தபாலில் வந்தது. ஆண் குழந்தை, இரண்டு பேரும் நலம்.

பேரனை கினுயோ முதன்முதலாகப் பார்த்தது அவனுக்கு இரண்டு வயது ஆனபோது. கோடையில் ஒரு நாள் சயோகோ அவனைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தாள். இருபத்து மூன்றில் பதினான்கு வீடுகளில்தான் அப்போது ஆள் இருந்தார்கள். பையன் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கினுயோவையே பார்த்தான்.

"போ, பாட்டி கூப்பிடுறாங்க பாரு" என்று சயோகோ சொல்லவில்லை. கினுயோவும் கூப்பிடவில்லை. வெட்டிய தர்ப்பூசணியைத் தட்டில் வைத்து, நடுவில் தள்ளி வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவன் அந்தப் பக்கமே இருந்தான். சயோகோ இரண்டு துண்டு சாப்பிட்டாள். நகரத்தில் வெயில் இதைவிட மோசம் என்றாள். தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

"அடுத்த வருஷம் வர்றோம்மா" என்றாள் வாசலில் செருப்பு மாட்டும்போது.

வந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். ஒரு இரவு கூடத் தங்கவில்லை.